ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) இந்திய இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் ஆய்வாளரும் ஆவார். கம்பியில்லாத் தகவல் தொடர்பின் முன்னோடிகளுள் ஒருவர். விலங்குகளின் நரம்பில் நிகழ்வதைப் போன்ற மின் தூண்டல் தாவரங்களிலும் கடத்தப்படுகிறது என்பதை நிறுவுவதற்குத் தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டார்.

இளமையும் கல்வியும்

போஸ் இன்றைய வங்காளதேசத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஓர் அரசு அதிகாரி. கொல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பயின்ற போஸ், மருத்துவம் கற்பதற்காக 1880 இல் லண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். 1885 இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். அங்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியமே இந்தியருக்கு வழங்கப்பட்டதால், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பணியாற்றினார். பின்னர் முழு ஊதியமும் நிலுவையுடன் அவருக்கு வழங்கப்பட்டது.

இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு

1890களில் போஸ் மிகக் குறுகிய மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். அலைகளை உணரும் கருவி தொடர்ந்த பயன்பாட்டில் உணர்திறன் குறைந்து, சற்று ஓய்வளித்தால் மீள்வதைக் கண்டார். இது தசையின் களைப்பை ஒத்திருந்ததால், உயிருள்ளவற்றின் தூண்டல் துலங்கலை ஆராயத் தொடங்கினார்.

நரம்பணுவும் தூண்டல் கடத்தலும்

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நரம்பணு ஆகும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பணுவின் கிளையிழைகள் செய்தியைப் பெறுகின்றன. நீண்ட நரம்பிழை அதனைக் கடத்துகிறது. ஓய்வு நிலையில் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர் மின்னழுத்தம் கொண்டிருக்கும். தூண்டப்படும்போது சோடியம் அயனிகள் உட்புகுகின்றன. பின்னர் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. இம்மாற்றம் அலையாக நரம்பிழை வழியே பரவுகிறது. இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்பில் பெரும்பாலும் வேதிப்பொருள்களே செய்தியைக் கடத்துகின்றன.

தாவர ஆய்வுகள்

தொட்டாற்சுருங்கியின் ஓர் இலையைத் தீண்டினால், தொலைவிலுள்ள இலைகளும் மடங்கக்கூடும். இச்செய்தி நீர் அழுத்தத்தால் பரவுகிறது என்பதே அன்றைய பொதுக் கருத்து. குளிர்ச்சியும் நச்சுப்பொருள்களும் கடத்தலைத் தாமதப்படுத்துவதையும் தடுப்பதையும் காட்டி, இது வெறும் நீர் அழுத்தமன்று, உயிர்ச் செயலே என்று போஸ் வாதிட்டார். மெல்லிய பிளாட்டினக் கம்பியைத் தண்டினுள் படிப்படியாகச் செலுத்தி, கடத்தும் பகுதி உணவு கடத்தும் திசுவே என்று கண்டறிந்தார். இலையின் நுண்ணிய அசைவுகளைப் பதிவதற்கான கருவிகளையும் அவரே வடிவமைத்தார்.

எதிர்ப்பு

1901 இல் லண்டன் அரச கழகத்தில் போஸ் தம் ஆய்வை முன்வைத்தார். புகழ்பெற்ற உடலியங்கியலாளர் பர்டன் சாண்டர்சன் அதனை ஏற்கவில்லை. பூச்சியுண்ணும் தாவரமொன்றில் மின் துலங்கலை 1873 இல் கண்டறிந்தவர் அவரே. ஆயினும் சாதாரணத் தாவரங்களில் அது நிகழாது எனக் கருதினார். கட்டுரை அச்சேறவில்லை. மறு ஆண்டு லின்னேயன் கழகம் அவரது ஆய்வை வெளியிட்டது. அதன்பின் போஸ் தம் முடிவுகளைப் பெரும்பாலும் நூல்களாகவே வெளியிட்டார். சகோதரி நிவேதிதா இப்பணியில் உதவினார். 1917 இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920 இல் அதே அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

1926 இல் தாவரங்களின் நரம்பியக்கம் பற்றிய நூலை வெளியிட்டார். 1937 இல் கிரிதியில் காலமானார்.

தாவரங்களில் மின் தூண்டல் பரவுகிறது என்ற அவரது முடிவு இன்று ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் தாவரங்களில் நரம்பணுக்களோ நரம்பிணைப்புகளோ மூளையோ இல்லை. சோடியத்துக்கு மாறாக, கால்சியம், குளோரைடு அயனிகள் அங்கு முதன்மைப் பங்கு வகிக்கின்றன. வேகமும் வேறுபடுகிறது: தொட்டாற்சுருங்கியில் நொடிக்குச் சில சென்டிமீட்டர், மனிதனின் விரைவான நரம்பிழைகளில் சுமார் 100 மீட்டர். காயத்தின்போது நீர்க்குழாய்கள் வழியே வேதிப்பொருளும் செய்தி கடத்துவதை 1916 இல் ரிக்கா என்பவர் காட்டினார். 2007 இல் 36 அறிவியலாளர்கள் தாவர நரம்பியல் என்னும் பெயரையே எதிர்த்தனர். எனவே போஸ் கண்ட மின் துடிப்பு நிலைபெற்றது. அதற்கு அவர் இட்ட நரம்பு என்னும் பெயர் விவாதத்துக்குரியதாகவே உள்ளது.