சிறுமலை அடிவாரத்தில் ஒரு தாய்வீடு
டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்வும் பணியும்

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கி வரும் தொடர்வண்டி, அம்பாத்துரையைக் கடந்து நம் கொடைரோட்டை அடைகிறது. அவ்வழியெங்கும் சிறுமலைத் தொடர் உடன்வரும். அம்மலையின் அடிவாரத்தில், சின்னாளப்பட்டியை ஒட்டி அமைந்துள்ளது காந்திகிராமம். இப்பகுதி மக்களாகிய நமக்கு அது புதிய பெயரன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பயின்றவர்கள். நம் தாய்மார் பலர் மகப்பேற்றிற்காக அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையை நாடிச் சென்றவர்கள்.

ஆயினும், காந்திகிராமத்தை உருவாக்கியவர் யார் என வகுப்பில் வினவும்போதெல்லாம் மாணவியர் பலர் காந்தியடிகள் என்றே விடையிறுக்கின்றனர். அவ்விடை அவர்களுடைய குறையன்று. அங்குள்ள நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளில் அண்ணலின் பெயரும் அன்னை கஸ்தூரிபாவின் பெயரும் முன்னிற்கின்றன. அவற்றை எழுப்பிய பெண்மணியின் பெயர் பின்னே மறைந்து நிற்கிறது. கணவரை இழந்து, இனி வாழ்வே இல்லை என்று அக்காலச் சமூகம் கருதிய நிலையிலிருந்து எழுந்து, தாம் பெற்ற மறுவாழ்வை நாட்டுப்புறப் பெண்கள் எல்லோருக்கும் உரியதாக்க முயன்றவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அம்மையார். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவரை நினைவுகூர்வது பொருத்தமுடையது எனக் கருதுகின்றேன்.

குடும்பமும் இளமையும்

நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையைத் தம் தொழிற்களமாகக் கொண்டு 1911-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர். தென்னாட்டுப் பேருந்துப் போக்குவரத்தின் முன்னோடியாக விளங்கிய அவருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகளாக 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் சௌந்தரம் பிறந்தார். செல்வத்திற்குக் குறைவில்லாத, வைணவ மரபு வழுவாத இல்லம் அது.

அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தேறியது. மணமகன் உறவினரான சௌந்தரராஜன், மருத்துவர். மதுரையில் கொள்ளை நோய் பரவிய காலத்தில் மக்களுக்கு மருத்துவம் செய்த அவரையே அந்நோய் பற்றிக்கொண்டது. இளமையிலேயே அவர் உயிர் நீத்தார். கைம்மை நோன்பு என்னும் பெயரால் பெண்ணின் உணவும் உடையும் பேச்சும் சுருக்கப்பட்ட காலம் அது. மறுமணத்திற்குச் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே இடம் தந்திருந்தபோதும், உயர்சாதி இல்லங்களின் வாயிற்படியை அச்சட்டம் தாண்டியதில்லை. செல்வர் வீட்டு மகளாயினும் சௌந்தரத்திற்கு எதிரே இருந்தது அடைபட்ட கதவே.

முப்பத்திரண்டில் மருத்துவர்

அக்கதவைக் கல்வியால் திறக்கலாம் என அவர் துணிந்தார். பெற்றோரும் அத்துணிவிற்குத் துணைநின்றனர். பெண்களுக்கென்றே 1916-ஆம் ஆண்டில் தில்லியில் தோற்றுவிக்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1936-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை முப்பத்திரண்டு. உடன் பயின்ற பெண்கள் பலரும் அவரினும் இளையோராக இருந்திருப்பர். படிப்பை விட்டவர்கள் மீண்டும் தொடங்குவதற்கு வயது ஒரு தடையன்று என்னும் உண்மையை அவர் நூல்களில் படித்துக் கற்கவில்லை. தம் வாழ்விலேயே மெய்ப்பித்துக் கொண்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அம்மையாருக்குக் கிட்டிய வாய்ப்பு, அன்றைய கைம்பெண்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் கிட்டாதது. தந்தையாரின் செல்வமும் பரந்த மனமும் இல்லையெனில் தில்லிப் பயணம் கனவாகவே முடிந்திருக்கும். தமக்குக் கிட்டியதைத் தம் நல்லூழ் என்று எண்ணி அவர் அமைதியுறவில்லை. பிறருக்கு ஏன் அது கிட்டவில்லை என்னும் வினாவே அவருடைய பிற்கால வாழ்வை நடத்திச் சென்றது எனலாம்.

ஓராண்டுக் காத்திருப்பு

தில்லியில் பயின்ற நாளில் அவருக்குச் சுசீலா நய்யாரின் நட்புக் கிட்டியது. பின்னாளில் காந்தியடிகளின் மருத்துவராக விளங்கிய அச்சுசீலாவின் வழியாக அண்ணலின் அறிமுகம் ஏற்பட்டது. அங்கேயே அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த ஜி. இராமச்சந்திரனையும் அவர் சந்தித்தார். கேரளத்து நெய்யாற்றின்கரையில் 1904-ஆம் ஆண்டு பிறந்த இராமச்சந்திரன், தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்றவர். 1924-ஆம் ஆண்டிலேயே காந்தியடிகளைச் சந்தித்து, கலைக்கும் வாழ்விற்கும் உள்ள தொடர்பு குறித்து உரையாடியவர்.

இருவரும் மணம்புரிய விழைந்தனர். மணமகள் கைம்பெண், மணமகனோ வேறு சாதி, வேறு மொழி. பெற்றோர் இசையவில்லை. அண்ணலிடம் முறையிட்டபோது அவர் உடனே வாழ்த்தி அனுப்பிவிடவில்லை. ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் இருக்க வேண்டும். அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் திருமணம் நடக்கலாம் என்பது அவர் விதித்த கட்டளை. இருவரும் அத்தேர்வில் வென்றனர். 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் காந்தியடிகள், கஸ்தூரிபா ஆகியோர் முன்னிலையில் திருமணம் நிகழ்ந்தது. அண்ணலும் அன்னையும் தம் கையால் நூற்ற நூலில் நெய்த வேட்டியும் புடவையுமே மணமக்களின் மணவாடை ஆயின. பட்டும் பொன்னும் நிறைந்த இல்லத்தில் பிறந்த பெண்ணுக்கு இதனினும் உயர்ந்த சீர்வரிசை வேறு உண்டோ?

காந்திகிராமத்தின் தோற்றம்

1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இருவரும் ஈடுபட்டனர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அன்னை கஸ்தூரிபா ஆகாகான் மாளிகைச் சிறையில் உயிர் நீத்தார். அவர் நினைவாக நாடெங்கும் நிதி திரட்டப்பட்டது. அந்நிதி கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என அண்ணல் வரையறுத்தார். அதன் வழியே அமைந்த கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சென்னையிலோ மதுரையிலோ மருத்துவமனை நடத்திப் பெயரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அவரோ தறியோசை கேட்கும் சின்னாளப்பட்டியைத் தேர்ந்தார். சின்னஞ்சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணியே பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-இல், அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள் காந்திகிராமத்திற்குக் கால்கோள் இடப்பட்டது. அண்ணல் உயிருடன் இருந்த காலத்திலேயே, அவருடைய ஆக்கப் பணிகளுக்கென அமைந்த கிராமம் அது.

அக்காலத்துப் பெண்கள் நலப் பணியாளர் இருவரோடு அம்மையாரை ஒப்பிட்டு நோக்குதல் தகும். இளங்கைம்பெண்ணாகிய சகோதரி சுப்புலட்சுமி 1912-ஆம் ஆண்டிலேயே சென்னையில் கைம்பெண்களுக்கென இல்லம் கண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ஆம் ஆண்டில் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தார். அவ்விருவரின் அரும்பணிகளும் மாநகரைக் களமாகக் கொண்டவை. அதே பணியை வயலும் தறியும் சூழ்ந்த சிற்றூருக்குக் கொணர்ந்ததே சௌந்தரம் அம்மையாரின் தனிச்சிறப்பு. ஆதரவற்ற பெண் நகரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவள் நடந்து வரும் தொலைவில் ஒரு தாய்வீடு இருக்க வேண்டும் என்பது அப்பணியின் உட்பொருள்.

கல்வியும் கலையும் தொழிலும்

கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், பள்ளி செல்லும் பேறு பெறாதவர் எனப் பலதரப்பட்ட பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. எழுத்தறிவு, குழந்தை வளர்ப்பு, நலவாழ்வு, மகப்பேற்றுத் துணை, நூற்பு முதலிய பயிற்சிகளைப் பெற்று அவர்கள் கிராம சேவிகைகளாக ஊர்களுக்குச் சென்றனர். நேற்று வரை பிறர் இரக்கத்தை எதிர்நோக்கி நின்ற பெண், இன்று ஓர் ஊரின் தாய்மார் நாடிவரும் பணியாளர். உதவி பெறுபவரை உதவி செய்பவராக மாற்றும் இந்த முறையே காந்திகிராமத்தின் அடிப்படை எனத் துணிந்து கூறலாம். பெற்றோரற்ற குழந்தைகளுக்கெனச் சௌபாக்கிய இல்லம் எழுந்தது. கதர், சோப்பு, சித்த மருந்துகள் முதலிய தொழில்கள் ஊர்ப் பெண்களின் கையில் கூலியைக் கொண்டு சேர்த்தன.

கல்வி என்பது எழுத்து மட்டுமன்று என்பது ஆதாரக் கல்வியின் கொள்கை. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டை அடுத்து, ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் கைத்தொழிலோடு இசைக்கும் ஓவியத்திற்கும் இடமிருந்தது. அக்கொள்கையும், இராமச்சந்திரன் சாந்திநிகேதனத்திலிருந்து கொணர்ந்த கலையுணர்வும் சிறுமலை அடிவாரத்தில் ஒன்றுகூடின. எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான வழிபாடும் இசையும் அவ்வாழ்வின் கூறுகளாயின. இளைஞர்க்கெனச் சாந்தி சேனை அமைக்கப்பட்டுத் தொண்டும் ஒழுங்கும் பயிற்றுவிக்கப்பட்டன. பலர் நடுவே வாய்திறந்து பாடப் பழகிய பெண், ஊர்க் கூட்டத்திலும் ஒருநாள் வாய்திறப்பாள். கலைக்கு இத்தகைய பயனும் உண்டு என்பதை இலக்கியம் பயில்வோராகிய நாம் மறத்தலாகாது.

அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தவர்களுள் ஒருவரைச் சுட்டுதல் போதும். நமக்கு அண்மையிலுள்ள அய்யன்கோட்டையில் 1926-ஆம் ஆண்டு, நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், மதுரையில் அம்மையாரின் ஆதரவில் தங்கிப் பயின்றவர். பிற்காலத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனாகக் கீழத் தஞ்சை உழவர்களுக்கு நிலம் பெற்றுத் தந்து, 2008-ஆம் ஆண்டில் சரியான வாழ்வுரிமைக்கான பன்னாட்டு விருதைப் பெற்றவர் அவரே. ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு எத்தனை குடும்பங்களுக்கு வாயிலாயிற்று என எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும்

பொதுப்பணி அம்மையாரை அரசியலுக்கும் இட்டுச் சென்றது. 1952-ஆம் ஆண்டு ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957-ஆம் ஆண்டு வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-ஆம் ஆண்டு திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தது. முப்பத்திரண்டு அகவை வரை மாணவியாக இருந்தவர், நாட்டின் கல்விக் கொள்கையை வகுக்கும் அவையில் அமர்ந்தார்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகமெங்கும் வீசிய மாற்றத்தின் அலையில் அவரும் தோல்வியுற்றார். பதவி இழந்த பலர் தலைநகரிலேயே தங்கிவிடுவதுண்டு. அவருக்கோ திரும்புவதற்கு ஓர் இடம் இருந்தது. மருத்துவமனையும் பள்ளிகளும் இல்லங்களும் முன்போலவே காத்திருந்தன. வெற்றியால் அவை தோன்றவில்லை. ஆகவே தோல்வியால் அவை குலையவும் இல்லை.

1956-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் ஊரக உயர்கல்வித் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பெற்ற காந்திகிராமக் கிராமிய நிறுவனம், 1976-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அன்று மதுரை மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த இப்பகுதியில், உழவர் மகளும் நெசவாளர் மகளும் வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் சென்றுவரும் நிலை பிறந்தது. அதனைக் கண்ணாரக் கண்ட பின்னர், 1984-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டிலேயே திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நிறைவுரை

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு ஒரு காட்சி பழகிப்போயிற்று. பருவத் தொடக்கத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி, பருவ இறுதியில் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பாள். திருமணம் என்பர், வீட்டில் நோயாளி என்பர், பூந்தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் ஆள் போதவில்லை என்பர். சில ஆண்டுகள் கழித்து, நிலக்கோட்டைப் பேருந்திலோ கொடைரோட்டு நடைமேடையிலோ இடுப்பில் குழந்தையுடன் எதிர்ப்படுவாள். இனிமேல் படிக்க முடியுமா என்னும் கேள்வி அவள் கண்ணில் இருக்கும், வாயில் வராது.

அக்கேள்விக்கு விடையாகத் தம் வாழ்வையே வைத்துச் சென்றவர் சௌந்தரம் அம்மையார். கைம்மையும் வயதும் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவ்விடை எல்லோருக்கும் தானே வந்து சேராது. யாரேனும் ஒருவர் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று அழைத்தாக வேண்டும். பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி நூல்களைப் பேசிவரும் நம் வட்டத்தில், மகளிர் இருக்கைகள் இன்னும் ஒரு வரிசையைத் தாண்டவில்லை. பதினோராம் ஆண்டில், படிப்பைப் பாதியில் நிறுத்திய பெண்களுக்கென மாதத்தில் ஒரு பிற்பகலையேனும் நாம் ஒதுக்குவோமாக. அவர்கள் படிக்கட்டும், பாடட்டும், தாம் கண்டதை எழுதட்டும். அம்மையாரின் பெயரைப் பலகையில் எழுதாவிடினும் குறையில்லை. அவர் கட்டிய இடங்களில் அவரும் தம் பெயரை முன்னிறுத்தியவர் அல்லர்.