பூட்டுத் தொழிலாளியின் மைந்தர்

1956-இல் எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அங்கே பாறசாலையை அடுத்த சிற்றூரில் பிறந்த எனக்குத் தமிழெழுத்தைப் பள்ளி தரவில்லை. என் தந்தையாரே தந்தார். அதனாலோ என்னவோ, மின்பொறியியல் பயிலும் எனக்கு அறிஞர் ஓம் வரலாற்றில் தனிப்பற்று.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் செருமனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். தாமே கற்றுத் தேர்ந்த தந்தை, மைந்தர்க்கு வீட்டிலேயே கணிதம் கற்பித்தார்.

கொலோன் நகரில் பள்ளியாசிரியராயிருந்த ஓம், மின்னோட்டத்தை அளக்க முனைந்தார். அக்கால மின்கலமோ நிலையின்றித் தளர்ந்தது. ஆதலால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓரிணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து மாறாத மின்னழுத்தம் பெற்றார். தொங்கும் காந்த ஊசியின் திருப்பத்தால் ஓட்டத்தை அளந்தார்.

1827-இல் தம் விதியை நூலாக்கினார். நாடு போற்றவில்லை, மனம் நொந்து வேலையைத் துறந்தார். 1841-இல் இலண்டன் அரச கழகம் காப்ளி பதக்கம் அளித்தது. 1852-இல் மியூனிக்கில் பேராசிரியரானார், 1854-இல் மறைந்தார்.

இன்று நொடிக்கு 1,00,000 முறை திறந்து மூடும் மின்மாற்றுக் கருவியின் வெளியோட்டத்தை அளக்க, அதன் வழியில் ஓமில் ஆயிரத்திலொரு பங்கான தடையை வைக்கிறேன். 10 ஆம்பியர் பாய்ந்தால் 10 மில்லிவோல்ட் காட்டும். அச்சிறு எண்ணை நம்பச் செய்வது அவர் விதியே. நண்பர்களே, வீட்டுத் திண்ணையில் தந்தை ஊட்டும் கல்வியை எளிதென்று எண்ணற்க!