கதவைத் திறக்க முனைந்த டத்தோ ஓன்

கோலாலம்பூரில் ஒரு சாலையும் ஜொகூர் பாருவில் ஒரு புதுநகரும் டத்தோ ஓன் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவ்வழியே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சென்று வருகின்றனர். ஆயினும், தாம் தொடங்கிய கட்சியைவிட்டுத் தாமே வெளியேறிய அம்மனிதரின் வரலாற்றை அவர்களுள் பலர் அறியார்.

டத்தோ ஓன் ஜாபார் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஜொகூர் பாருவில் பிறந்தார். அவர்தம் தந்தை டத்தோ ஜாபார் முகமது, ஜொகூர் மாநிலத்தின் முதல் மந்திரி பெசார் ஆவார். தாயார் ரொகாயா ஹனிம், துருக்கியிலிருந்து ஜொகூருக்கு வந்தவர். அரண்மனைச் சூழலில் வளர்ந்த ஓன், சுல்தான் இப்ராகிமின் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1904 முதல் 1910 வரை அங்கே படித்தார். விளையாட்டிலும் சிறந்து விளங்கினார். ஆனால், தாயகம் திரும்பியபோது அவருக்குத் தாய்மொழியில் போதிய பயிற்சி இல்லை. எனவே, கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் சேர்ந்து மலாய்மொழியை மீண்டும் கற்றார். மொழியை இழப்பது எவ்வளவு எளிது, மீட்பது எவ்வளவு கடினம் என்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர்.

1911ஆம் ஆண்டு ஜொகூர் அரசாங்கத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். உயர்குடியில் பிறந்தவர் என்பதால் அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை. மாநில நிர்வாகத்தில் கண்ட குறைகளை 1927ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஏடொன்றில் துணிந்து எழுதினார். அதன் விளைவாக வேலையை இழந்து, சிங்கப்பூரில் வாழ நேர்ந்தது. பதவி பறிபோன பிறகும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை.

1930ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட 'வார்த்தா மலாயா' நாளிதழுக்கு அவர் ஆசிரியரானார். பின்னர் 'லெம்பாகா மலாயா' என்னும் இதழையும் நடத்தினார். அக்காலத்தில் எழுத்தறிந்தவர் குறைவு. ஒருவர் இதழை வாசிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்பர். மலாய்ச் சிற்றூர்களின் வறுமை, பள்ளிகளின் பற்றாக்குறை, அரசாங்க வேலைகளில் மலாய்க்காரர்களுக்கு வாய்ப்புக் குறைந்திருந்த நிலை ஆகியவற்றை அவ்விதழ்கள் பேசின. அதுவரை தம் ஊர், தம் மாநிலம், தம் சுல்தான் என்றே எண்ணி வந்த மக்கள், மற்ற மாநிலங்களில் வாழ்வோரின் துன்பமும் தம்முடையதே என எண்ணத் தொடங்கினர். அரசியல் கட்சி தோன்றுவதற்கு முன்னரே நாளிதழ் ஒரு சமுதாயத்தை ஒன்றுசேர்க்கத் தொடங்கிவிட்டது. சில ஆண்டுகளில் சுல்தானின் சினமும் தணிந்தது. ஓன் ஜொகூருக்குத் திரும்பினார்.

1945ஆம் ஆண்டு ஜப்பானியர் சரணடைந்தனர். போர் முடிந்தும் அமைதி வரவில்லை. பத்து பகாட் வட்டாரத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பலர் உயிரிழந்தனர், பலர் வீடுகளைவிட்டு ஓடினர். அவ்வேளையில் ஓன் அங்கு மாவட்ட அதிகாரியாகப் பொறுப்பேற்றார். கியாய் சாலே என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம் சீனர்களைத் தாக்க ஆயத்தமாய் இருந்தது. ஓன் அவர்களை நேரில் சென்று சந்தித்தார். முதலில் தம்மைக் கொன்றுவிட்டு அதன் பின்னர் செல்லுமாறு அவர் கூறித் தடுத்ததாகச் சொல்லப்படுகிறது. தாக்குதல் கைவிடப்பட்டது. தம் இனத்தாரின் சினத்திற்குக் குறுக்கே நிற்பதற்குத் தனித் துணிவு வேண்டும். அத்துணிவு ஓனிடம் இருந்தது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் மலாயன் யூனியன் என்னும் திட்டத்தை அறிவித்தது. அதன்படி ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கும் மலாக்காவும் ஒரே ஆட்சியின்கீழ் வரும்; சுல்தான்கள் தம் அதிகாரத்தை இழப்பர்; மலாயாவில் பிறந்தவர்களும் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களும் எளிதில் குடியுரிமை பெறுவர். தோட்டங்களில் உழைத்துவந்த தமிழர்களுக்கு அக்குடியுரிமை ஒரு நம்பிக்கை. மலாய்க்காரர்களுக்கோ அது தம் மண்ணிலேயே தாம் சிறுபான்மையாகிவிடுவோமோ என்னும் அச்சம். ஒரே திட்டம் இரு வேறு இல்லங்களில் இரு வேறு உணர்வுகளை எழுப்பியது.

ஓன் ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். 1946ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலாய் இயக்கங்கள் பல கோலாலம்பூரில் மாநாடு கூடின. ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் நடப்புக்கு வந்தபோது, சுல்தான்கள் ஆளுநரின் பதவியேற்புக்குச் செல்லவில்லை. மலாய் ஆடவர்கள் சொங்கோக்கில் வெண்துணி கட்டித் துக்கம் காத்தனர். மே 11ஆம் நாள் ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசாரில் அம்னோ கட்சி பிறந்தது. ஓன் அதன் முதல் தலைவரானார்.

அப்போராட்டத்தில் எவரும் எதிர்பாராத மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. அதுவரை பொதுமேடைகளில் பெரிதும் காணப்படாத மலாய்ப் பெண்கள் ஊர்வலங்களில் அணிவகுத்தனர், கூட்டங்களில் உரையாற்றினர். 1949ஆம் ஆண்டு அம்னோவில் கவும் இபு என்னும் மகளிர் பிரிவு அமைந்தது. ஜொகூரில் ஆசிரியராகப் பணியாற்றிப் பெண்கல்விக்குப் பாடுபட்ட இபு ஜைன், பின்னர் அதற்குத் தலைமை தாங்கினார். வீட்டைக் காக்க மட்டுமன்றி நாட்டைக் காக்கவும் பெண்கள் வேண்டும் என்பதைச் சமுதாயம் கண்டுகொண்டது.

எதிர்ப்பின் வலிமையை உணர்ந்த பிரிட்டிஷார் மலாயன் யூனியனைக் கைவிட்டனர். 1948ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மலாயா கூட்டரசு உருவானது. சுல்தான்களின் நிலை காக்கப்பட்டது; குடியுரிமை விதிகள் கடுமையாயின. 1947ஆம் ஆண்டில் ஜொகூரின் மந்திரி பெசாராகிவிட்ட ஓன், அப்போது வெற்றியின் உச்சியில் இருந்தார்.

அவ்வுச்சியில் நின்றுதான் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகியோர் தனித்தனியே நின்றால் விடுதலை கைகூடாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1949ஆம் ஆண்டு பல இனத் தலைவர்களும் கூடிப் பேசும் சமூகத் தொடர்புக் குழு அமைந்தது. இலங்கைத் தமிழரான துரைசிங்கம் அதற்குத் தலைமை ஏற்றார். குடியுரிமையைத் தளர்த்துவது பற்றியும் மலாய்க்காரர்களின் பொருளாதார நிலையை உயர்த்துவது பற்றியும் அக்குழுவினர் மனந்திறந்து பேசினர். சிற்றூர் மக்களின் வாழ்வை மேம்படுத்த 1950ஆம் ஆண்டில் தோன்றிய ரீடா என்னும் வாரியத்திற்கும் ஓன் வித்திட்டார்.

பின்னர், அம்னோவின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றார். கட்சியின் பெயரில் மலாய்க்காரர் என்னும் சொல்லுக்கு மாற்றாக மலாயா மக்கள் என்னும் பொருள்தரும் சொல்லை வைக்கவும் விரும்பினார். மாற்றம் ஒரு சொல்லளவே. ஆனால், அச்சொல்லுக்குப் பின்னால் ஓர் இனத்தின் அச்சமும் நம்பிக்கையும் நின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புதான் தம் உரிமை காக்கத் திரண்ட உறுப்பினர்களால் அதனை ஏற்க இயலவில்லை. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓன் கட்சியைவிட்டு விலகினார். துங்கு அப்துல் ரஹ்மான் புதிய தலைவரானார்.

அடுத்த மாதமே ஓன் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அதில் எல்லா இனத்தாருக்கும் இடமிருந்தது. மலாயா இந்தியர் காங்கிரசும் தொடக்கத்தில் ஆதரவு தந்தது. ஆனால், 1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அக்கட்சி தோற்றது. மொத்தம் 12 இடங்களில் அம்னோ, மலாயா சீனர் சங்கக் கூட்டணி 9 இடங்களையும் ஓனின் கட்சி 2 இடங்களையும் பெற்றன. தத்தம் கட்சியைக் கலைக்காமலேயே இனங்கள் கைகோக்கலாம் என்னும் வேறொரு வழியை மக்கள் தேர்ந்தெடுத்தனர். 1954ஆம் ஆண்டு அவர் தொடங்கிய பார்ட்டி நெகாராவும் பெருவெற்றி பெறவில்லை. எனினும், 1959ஆம் ஆண்டு திரங்கானுவில் வென்று நாடாளுமன்றம் சென்றார்.

1962ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் டத்தோ ஓன் ஜொகூர் பாருவில் காலமானார். அவர்தம் மகன் துன் ஹுசேன் ஓன் பின்னாளில் நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

டத்தோ ஓன் காட்டிய வழியில் நாடு அப்படியே செல்லவில்லை. ஆயினும், இனங்கள் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும் என்று அவர் இட்ட அடித்தளம் வீண்போகவில்லை. தம் மக்களைத் திரட்டிய தலைவர் பலர் உண்டு. திரட்டிய மக்களிடமே கதவைத் திறக்கச் சொல்லி, அதற்காகத் தலைமையையும் துறந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராக டத்தோ ஓன் நினைக்கப்படுகிறார்.