நூல்களின் புகழும் க.நா.சு.வின் பட்டியலும்

ஒரு நூலை எழுதுபவர் ஒருவர். அதனை அச்சிடுபவர் மற்றொருவர். அதன் புகழை நிலைநிறுத்துபவர் யார் என்னும் வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று. புலவர் அவைகள் சிறந்திருந்த காலத்தில் அரங்கேற்றம் அப்பணியைச் செய்தது. அச்சுப்பொறி வந்தபின் இதழ்களின் மதிப்புரைகளும் விற்பனைப் பட்டியல்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டு தோன்றிய 'பப்ளிஷர்ஸ் வீக்லி' புத்தக வணிகத்துக்கென்றே நடத்தப்பெறும் இதழாகும். எந்த நூலை எத்தனை படிகள் வாங்கி அடுக்குவது என்று கடைக்காரர் முடிவு செய்ய அதன் மதிப்புரைகள் துணைபுரிகின்றன. 1895-இல் 'புக்மேன்' என்னும் இதழ் அந்நாட்டு நகரங்களில் மிகுதியாக விற்ற நூல்களைப் பட்டியலிட்டது. 1931-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழும் அவ்வழக்கத்தை மேற்கொண்டது. விற்ற நூல் பட்டியலில் ஏறுகிறது. பட்டியலில் ஏறியதனாலேயே அது மேலும் விற்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே நூலின் தரம் எங்கே நிற்கிறது என்பதுதான் திறனாய்வாளரின் கவலை.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. பால் பிரண்டன் 1934-இல் இலண்டனில் வெளியிட்ட 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' என்னும் நூலே ரமண மகரிஷியின் பெயரை மேலைநாட்டு வாசகர் பலரிடம் கொண்டுசேர்த்தது. 1938-இல் இவ்வூருக்கு வந்துசென்ற ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம், 1944-இல் 'தி ரேசர்ஸ் எட்ஜ்' என்னும் நாவலை வெளியிட்டார். அவர் இங்குக் கண்ட துறவியின் சாயல் அதில் ஒரு பாத்திரமாயிற்று. அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுதியாக விற்ற பத்து நாவல்களுள் ஒன்றாக அது பட்டியலில் இடம்பெற்றது. விற்பனைப் பட்டியல் ஒன்றின் வழியே நம் மலையடிவாரத்தின் நிழல் கடல் கடந்தது எனலாம்.

அதே காலத்தில் தமிழில் அத்தகைய வணிக இதழும் இல்லை. ஒழுங்கான விற்பனைப் பட்டியலும் இல்லை. வார இதழ்களின் பரவலே நூலின் தகுதிக்கு அளவுகோலாயிற்று. அந்த அளவுகோலை ஏற்க மறுத்துத் தாமே ஒரு பட்டியலை எழுதி, அதனை வாழ்நாள் முழுவதும் உரக்கச் சொல்லிவந்தவர் க.நா.சு. என்று அழைக்கப்பெறும் க.நா. சுப்ரமண்யம் ஆவார்.

பிறப்பும் இளமையும்

க.நா.சு. 1912-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்த வலங்கைமானில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அஞ்சல் துறையில் பணியாற்றியவர். தம் மகன் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்பெற வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். கும்பகோணத்திலும் பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கல்வி பயின்ற மகன், தந்தையின் விருப்பப்படியே முதலில் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். பாடநூல்களைவிட நூலக நூல்களே அவரை மிகுதியாக வளர்த்தன. ஐரோப்பிய இலக்கியங்களை ஆங்கிலத்தின் வழியே அவர் இடைவிடாது கற்றார்.

1930-களின் நடுவில் 'மணிக்கொடி' இதழ் அவரைத் தமிழின்பால் திருப்பியது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோர் சிறுகதைக்குப் புதுவடிவம் தந்துகொண்டிருந்த காலம் அது. தமிழிலும் உலகத்தரமான எழுத்து இயலும் என்னும் நம்பிக்கை அங்கேதான் அவருக்குப் பிறந்தது. தாமும் எழுத வேண்டும், பிறர் எழுதிய நல்லவற்றை நாடறியச் செய்யவும் வேண்டும் என்னும் இரு கடமைகளை அவர் அன்றே தம் தோள்மேல் ஏற்றிக்கொண்டார்.

இதழ்களும் இழப்புகளும்

1939-இல் 'சூறாவளி' என்னும் வார இதழை அவர் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1940-களில் 'சந்திரோதயம்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1963 முதல் 1965 வரை 'இலக்கிய வட்டம்' நடத்தினார். 1988-இல், வாழ்வின் இறுதியாண்டில், 'முன்றில்' இதழைத் தொடங்குவதிலும் முன்னின்றார். இவ்விதழ்களில் எதுவும் செல்வம் தரவில்லை. நிலையான அலுவலை நாடாமல், பெரும்பாலும் எழுத்தின் வருவாயையே நம்பி வாழ்ந்தவர் அவர். வருவாய் தந்தவை ஆங்கில இதழ்க் கட்டுரைகளே. அந்த வருவாயின் துணையோடுதான் தமிழுக்கு உழைத்தார்.

அந்நாளைய மதிப்புரைகளின் நிலையை இங்கு அறிதல் வேண்டும். மதிப்புரைக்கு இரண்டு படிகள் அனுப்புக என்னும் அறிவிப்பை இதழ்கள் தாங்கிவந்தன. அனுப்பிய நூல் பல வேளைகளில் வரப்பெற்றோம் என்னும் தலைப்பின்கீழ் ஒரு வரியாக முடிந்துவிடும். மதிப்புரை எழுதப்பெற்றாலும், அட்டை அழகு, அச்சுத் தெளிவு, விலை மலிவு ஆகியவற்றைப் பாராட்டி, ஒவ்வொரு தமிழர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல் என்று வாழ்த்தி நிறைவுறுவது வழக்கம். எல்லா நூலையும் ஒரே சொல்லால் வாழ்த்தும்போது எந்த நூலும் வாழ்த்தப்பெறுவதில்லை. இந்த நயத்தகு பொய்யைத்தான் க.நா.சு. உடைத்தார்.

விற்பனையும் விமரிசனமும்

1941-இல் 'கல்கி' வார இதழ் தோன்றியது. அதன் ஆசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தியின் வரலாற்றுத் தொடர்கதைகள் தமிழ்நாட்டை ஆட்கொண்டன. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தபோது, வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் எண்ணற்றவை. தமிழ் படிக்கும் பழக்கத்தையே பல்லாயிரவரிடம் உண்டாக்கிய பெருமை அத்தொடர்களுக்கு உண்டு. இதனை மறுப்பார் யாருமில்லை.

க.நா.சு. மறுத்தது வேறொன்றை. மிகுதியாகப் படிக்கப்பெறுவதனால் மட்டும் ஒரு நூல் இலக்கியமாகிவிடாது என்றார் அவர். கல்கியின் எழுத்தைச் சுவையான பொழுதுபோக்கு என்ற அளவிலேயே அவர் மதித்தார். வாசகர் விரும்புவதைத் தருவது ஒரு தொழில், வாசகர் அறியாததைத் தருவது கலை என்பதே அவர்தம் கொள்கையின் சாரம். 1950-களில் 'சுதேசமித்திரன்', 'சரஸ்வதி' ஆகிய இதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகள் பெரும் விவாதத்தைக் கிளப்பின. அவ்விவாதச் சூழலிலிருந்துதான் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் 1959-இல் விமரிசனத்துக்கென்றே பிறந்தது. அவ்வாண்டிலேயே புதுக்கவிதை குறித்துச் 'சரஸ்வதி'யில் எழுதிய க.நா.சு., அப்பெயர் தமிழில் நிலைபெறவும் காரணமாயினார். மயன் என்னும் புனைபெயரில் அவரே கவிதைகளும் எழுதினார்.

பட்டியலின் வலிமை

அவர் கையாண்ட கருவி மிக எளியது: பெயர்களைச் சொல்லுதல். சிறந்த நாவல்கள் இவை, சிறந்த சிறுகதை ஆசிரியர்கள் இவர்கள் என்று அவர் பட்டியலிட்டார். ஒருமுறை சொல்லி நிறுத்தவில்லை. தமிழ்க் கட்டுரைகளிலும், ஆங்கிலக் கட்டுரைகளிலும், நண்பர்களுடனான உரையாடல்களிலும் அதே பெயர்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கூறினார். 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலில் தாம் விரும்பிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அறிமுகம் செய்தார். தலைப்பே வாசகரை நேருக்கு நேர் நிறுத்தி வினவுகிறது.

இதன் பயன் சிறிதன்று. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வாழ்வைக் கூறும் அச்சிறு நாவல் விற்பனையால் நிலைத்ததன்று, க.நா.சு. போன்றோர் விடாது எடுத்துரைத்தமையால் நிலைத்தது. இருபத்தைந்துக்கும் குறைவான கதைகளையே எழுதிய மௌனி, தமிழ்ச் சிறுகதையின் முதல் வரிசையில் இன்று வைத்து எண்ணப்படுவதற்கும் இத்தகைய பரிந்துரைகளே காரணம். 1968-இல் வெளிவந்த நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலை உயர்வாக மதித்த க.நா.சு., தாமே அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பாராட்டுவதோடு நில்லாமல், பாராட்டிய நூலுக்காகத் தம் உழைப்பையும் செலவிட்டார் என்பது கருதத்தக்கது.

மறுபுறம், உலக நூல்களையும் தமிழுக்குக் கொணர்ந்தார். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், ஸ்வீடன் நாட்டுச் செல்மா லாகர்லெவின் நாவலை 'மதகுரு' என்றும், அந்நாட்டுப் பேர் லாகர்குவிஸ்டின் நாவலை 'அன்பு வழி' என்றும் மொழிபெயர்த்தார். பட்டியலிலுள்ள தமிழ் நூல்களை எவற்றோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த அளவுகோல்கள் இவை.

பகையும் மறுப்பும்

பட்டியலில் இடம்பெற்றோர் சிலர், இடம்பெறாதோர் பலர். ஆகவே நண்பரினும் பகைவரே மிகுந்தனர். தமக்குப் பிடித்தோரை உயர்த்துகிறார் என்றனர் சிலர். காரணம் காட்டாமல் முடிவை மட்டும் கூறுகிறார் என்றனர் வேறு சிலர். இலங்கைத் திறனாய்வாளர் க. கைலாசபதி, சமுதாயப் பின்னணியை ஒதுக்கித் தனிமனித ரசனையை மட்டும் நம்பும் போக்கு என்று அவரைக் கடுமையாக எதிர்த்தார். இக்குறைகளில் உண்மை உண்டு. விரிவாகப் பகுத்து ஆராய்வதைவிட, தேர்ந்த வாசகனின் தீர்ப்பாகச் சுருங்கக் கூறுவதே க.நா.சு.வின் இயல்பு.

பட்டியல்களுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அவை காட்டுவதைப் போலவே மறைக்கவும் செய்கின்றன. க.நா.சு. 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' என்னும் நூலில் வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், மாதவையா முதலானோரின் படைப்புகளை ஆராய்ந்தார். அத்தொடக்க கால நாவல்களை மீண்டும் பேசவைத்த அரிய முயற்சி அது. எனினும் இலங்கையில் சித்தி லெப்பை 1885-இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' அந்த ஐந்தனுள் இல்லை. 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' ஆகிய இரண்டிற்கும் முந்தியது அது. பல்லாண்டுகள் பாடத்திட்டங்களிலும் அது அரிதாகவே பேசப்பட்டது. இதனைக் க.நா.சு. ஒருவர்மேல் ஏற்றிக் குறைகூறுதல் முறையன்று. ஒரு நூல் ஒரு பட்டியலில் விடுபட்டால், அப்பட்டியலைப் பார்த்து எழுதப்பெறும் அடுத்த பட்டியலிலும் விடுபடும். நூலகத்திலும் வகுப்பறையிலும் விடுபடும். அதனை மீட்கப் பிறிதொரு வாசகர் எழ வேண்டும். அப்படி எழுந்த ஆய்வாளர்களாலேயே இன்று அந்நாவல் தமிழ் நாவல் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெற்றுவருகிறது.

படைப்பாளர் க.நா.சு.

பிறர் நூல்களுக்குப் புகழ் தேடித்தந்தவரின் சொந்த நாவல்கள் பெற்ற பேறு யாது? 1946-இல் வெளிவந்த 'பொய்த்தேவு' அவருடைய தலைசிறந்த நாவலாகக் கருதப்படுகிறது. சாத்தனூர் மேட்டுத்தெருவில் வறுமையில் பிறந்த சோமு, பொருளீட்டிச் செல்வனாகி, இறுதியில் அனைத்தையும் துறந்து பெயரற்றவனாக மடியும் கதை அது. தலைப்பு மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து எடுத்த சொல். 'ஒரு நாள்', 'அசுரகணம்', 'வாழ்ந்தவர் கெட்டால்' முதலியனவும் அவர் எழுதியவை. ஆயினும் திறனாய்வாளர் என்னும் பெயரே பெரிதாக நின்றமையால், நாவலாசிரியர் அதன் நிழலில் ஒதுங்கினார். அவர் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல எஞ்சியிருந்தன. தம் நூலைத் தாமே பட்டியலிட்டுப் பரப்ப இயலாது என்பது இத்தொழிலின் கொடிய விதி.

1960-களின் நடுவில் தில்லிக்குக் குடிபெயர்ந்த அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். 1986-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்னும் நூலுக்காக அவருக்கு வழங்கப்பெற்றது. நாவலுக்கன்றித் திறனாய்வு நூலுக்கே அவ்விருது கிடைத்தது. 1988-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் தில்லியில் அவர் மறைந்தார்.

நிறைவுரை

காலம் இருதரப்புக்கும் ஓரளவு நீதி செய்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரு பாகத் திரைப்படமாக வந்தபோது புதிய தலைமுறை அந்நூலை நாடியது. மக்கள் விருப்பத்தை ஒரு திறனாய்வாளர் மறுத்துவிட முடியாது என்பதற்கு இது சான்று. அதேவேளை, அந்நாளில் சில நூறு பேரே அறிந்திருந்த மௌனியும் 'நாகம்மாள்' நாவலும் இன்றும் பதிப்பிக்கப்படுகின்றன, பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகின்றன. விற்பனை மட்டுமே நடுவராக இருந்திருப்பின் அவை மறைந்தே போயிருக்கும்.

விற்பனைப் பட்டியல் நேற்று நடந்ததைக் கூறும். திறனாய்வாளரின் பட்டியல் நாளை நடக்க வேண்டியதைக் கூறும். இரண்டும் வாசகரின் இடத்தை நிரப்ப இயலா. தமிழ் பயிலும் மாணவர் தேர்வுக்கெனத் தரப்பட்ட நூற்பெயர்களோடு நின்றுவிடுதல் ஆகாது. அப்பெயர்கள் அங்கு எவ்வாறு வந்தன, எவை விடுபட்டன, ஏன் விடுபட்டன என்று வினவுதல் வேண்டும். பின்னர் நூலகத்துக்குச் சென்று அந்நூலையே கையிலெடுத்துப் படித்தல் வேண்டும். க.நா.சு.வின் தீர்ப்புகளோடு நாம் மாறுபடலாம். ஆனால் படித்த பின்னரே மாறுபட வேண்டும். தம் வாழ்நாளையும் வருவாயையும் செலவிட்டு அவர் தமிழரிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.