பிரெடரிக் நிக்கல்சன்

சர் பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் (1846 - 1936) பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆட்சிப்பணி அலுவலர் ஆவார். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்ற வழிவகுத்த அறிக்கையை எழுதியவர் என்று பரவலாக அறியப்படுகிறார். கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவரும் இவரே. பணி ஓய்வுக்குப் பின் சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கி, 1918 வரை அதன் மதிப்புறு இயக்குநராக ஊதியமின்றிப் பணியாற்றினார். கடலிலிருந்து கிடைக்கும் உணவையும் வருவாயையும் பெருக்க வேண்டும், அந்தப் பயன் மீனவரிடமே தங்க வேண்டும் என்பது அத்துறையில் இவர் கொண்டிருந்த நோக்கமாகும்.

இளமையும் ஆட்சிப்பணியும்

நிக்கல்சன் இங்கிலாந்தில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் லிங்கன் கல்லூரியில் பயின்றார். 1869இல் ஆட்சிப்பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் மாகாணம் முழுவதையும் உலுக்கியது. கோயம்புத்தூரும் அதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பஞ்சம், கடன், உணவு ஆகிய மூன்றும் இவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் தொடர்ந்து இடம்பெறுகின்றன. 1901இல் அறிக்கை அளித்த இந்தியப் பஞ்ச ஆணையத்திலும் இவர் உறுப்பினராக இருந்தார்.

கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு

இவர் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு 1887இல் வெளிவந்தது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் ஈரோடு, பவானி, கரூர், தாராபுரம், கொள்ளேகால் வரை பரந்திருந்தது. மழை குறைந்த அந்நிலத்தில் கிணற்றையும் குளத்தையும் கால்வாயையும் நம்பிய வேளாண்மையைக் கையேடு விரிவாகப் பதிவு செய்கிறது. கொங்கு நாட்டின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

கடற்கரையே இல்லாத ஒரு மாவட்டத்தைப் பற்றி எழுதியவர் பின்னர் கடல் மீன்வளத்துக்கு வந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கோயம்புத்தூரின் நீரும் கடலைச் சேர்வதே. சிங்காநல்லூர் குளம் போன்ற குளங்களுக்கு நீர் தரும் நொய்யல் காவிரியில் கலக்கிறது. காவிரியும் அதன் கிளையான கொள்ளிடமும் வங்கக் கடலில் சேர்கின்றன. ஆற்றைத் தடுத்தால் கடல் மீனுக்கு என்ன நேரும் என்ற கேள்வியை இவருடைய துறை பின்னர் எதிர்கொண்டது.

கூட்டுறவு அறிக்கை

உழவர்களுக்கான வேளாண் வங்கிகளைத் தொடங்க இயலுமா என்று ஆராயும் பொறுப்பைச் சென்னை அரசு இவரிடம் ஒப்படைத்தது. அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. மாகாணத்தின் ஊரகக் கடன் 45 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று இவர் மதிப்பிட்டார். செருமனியில் ரைபைசன் தொடங்கிய சிற்றூர்க் கடன் சங்கங்களே இந்தியாவுக்கு ஏற்றவை என்பது இவருடைய முடிவு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் இவர் பணி ஓய்வு பெற்றார்.

மீன்வளத் துறை

மீனவர் நிலை உழவர் நிலையைவிட மோசமாக இருந்தது. படகுக்கும் வலைக்கும் பணம் கொடுத்த வணிகருக்கே அவர் சொன்ன விலைக்கு மீனை விற்க வேண்டியிருந்தது. உப்பு வரியால் உப்பின் விலையும் உயர்ந்திருந்தது. இதைத் தணிக்க 1870களிலிருந்தே வரியில்லா உப்பு வழங்கும் மீன் உப்பிடு களங்கள் இயங்கி வந்தன. எனினும் பிடித்த மீனில் பெரும்பகுதி கெட்டுப்போனது அல்லது உரமானது.

ஓய்வுக்குப் பின் மீன்வள ஆய்வை ஏற்றுக்கொண்ட நிக்கல்சன், ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு மீன்பிடித் தொழிலைப் பற்றிய குறிப்பை 1907இல் வெளியிட்டார். ஜப்பான் தன் சிறு மீனவரை ஒதுக்காமல், சோதனை நிலையங்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் கொண்டு அவர்களை முன்னேற்றியிருந்தது. அந்நாட்டின் 1901ஆம் ஆண்டுச் சட்டம், கரையோர மீன்பிடி உரிமையை ஊர் மீனவர் சங்கங்களுக்கு அளித்தது. ஐரோப்பாவின் நீராவி இழுவைக் கப்பல்களைப் பெருமுதலுடன் உடனே கொண்டுவருவதைவிட, கட்டுமரமும் தோணியும் கரைவலையும் அறிந்த மக்களைப் படிப்படியாக உயர்த்துவதே சென்னைக்குப் பொருந்தும் என்று நிக்கல்சன் கருதினார்.

சோதனைப் பணிகள் முதலில் எண்ணூரிலும் பின்னர் மேற்குக் கரையில் தானூரிலும் நடைபெற்றன. தூய்மையாக உப்பிடுதல், உலர்த்துதல், தகரத்தில் அடைத்தல் ஆகியவை அங்குச் செய்து காட்டப்பட்டன. தகரத்தில் அடைக்கும் ஆலை ஒன்று பேப்பூரை அடுத்த சாலியத்தில் இயங்கியது.

மத்தி எண்ணெய்

இவருடைய காலத்தில் பெரும் பொருளியல் விளைவை ஏற்படுத்தியது மத்தி மீன் தொழிலே. அன்று சென்னை மாகாணத்துடன் இருந்த மலபார், தென் கன்னடக் கரைகளில் சில ஆண்டுகள் மத்தி மலைபோல் குவியும்; சில ஆண்டுகள் கண்ணிலேயே படாது. குவிந்த மீனைக் கடற்கரை மணலில் பரப்பி உலர்த்தி உரமாக விற்றனர். அதில் மணலும் சேர்ந்துகொண்டது, எண்ணெயும் வீணானது, கரையெங்கும் நாற்றம் பரவியது.

துறை காட்டிய முறை எளிமையானது. புதிய மீனை அகன்ற பாத்திரத்தில் வேகவைத்து, கயிற்றுப் பைகளில் இட்டுத் திருகு அழுத்தியால் பிழிவர். வெளிவரும் நீரிலிருந்து எண்ணெய் மேலே மிதந்து பிரியும். எஞ்சிய சக்கையை உலர்த்தினால் தரமான உரம். குறைந்த முதலில் செய்யக்கூடியது என்பதால் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் அக்கரையில் தோன்றின. எண்ணெய் தோல் பதனிடவும் சவர்க்காரம் செய்யவும் பயன்பட்டது. உரம் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றது.

உண்ணத்தக்க மீன் உரமாவதை நிக்கல்சன் விரும்பவில்லை. உண்டு தீர்க்க முடியாத மிகுதிக்கே இம்முறை என்பது திட்டம். ஆனால் ஆலைகள் பெருகியபின் மிகுதி எது, தேவை எது என்று பிரிப்பது எளிதாக இருக்கவில்லை. மத்தியின் வாழ்க்கைச் சுழற்சி அறியப்படுவதற்கு முன்பே அதற்கான சந்தை உருவாகிவிட்டது. நிக்கல்சனுக்குப் பின் இயக்குநரான ஜேம்சு ஓர்னெல், ராமசாமி நாயுடுவுடன் இணைந்து 1920களில்தான் அம்மீனின் வளர்ச்சியைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். 1943இல் சென்னை அரசு மத்திக் குஞ்சுகளையும் சினை மீனையும் காக்கச் சில வலைகளுக்குத் தடை விதித்தது. அத்தடை 1947 வரையே நீடித்தது.

சங்கும் உல்லமும்

காக்கும் நடவடிக்கைகளில் தூத்துக்குடிச் சங்குக் குளிப்பு முக்கியமானது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சங்குகளைக் கடலிலேயே திரும்ப விடும் விதி அங்கு நடைமுறையில் இருந்தது. 1908இல் துறையில் சேர்ந்த ஓர்னெல், முத்து, சங்கு ஆகியவற்றின் ஆய்வை மேற்கொண்டு 1914இல் சங்கு பற்றிய நூலை வெளியிட்டார்.

ஆற்றுக்கும் கடலுக்கும் உள்ள உறவை உல்லம் மீன் காட்டியது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும் இம்மீனைக் கொள்ளிடத்தில் 1836இல் கட்டப்பட்ட கீழணை தடுத்தது. 1909இல் துறையைச் சேர்ந்த வில்சன் அங்கு உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்தார். இம்முயற்சி நிலைத்த பயன் தரவில்லை. நெல்லுக்கு வாழ்வளித்த அணை மீனுக்கு வழியடைத்தது என்பது அன்றே அரசின் பதிவேறிவிட்டது.

பின்விளைவுகள்

1927இல் சென்னை அரசு லேடி கோஷன் என்னும் இழுவைக் கப்பலைக் கொண்டு கடலடி ஆய்வு நடத்தியது. விடுதலைக்குப் பின், 1953 முதல் நீண்டகரையில் செயல்பட்ட இந்திய-நோர்வே திட்டம் இயந்திரப் படகுகளைப் பரப்பியது. நிக்கல்சன் வற்புறுத்திய படிப்படியான வழி கைவிடப்பட்டது எனலாம். இழுவைப் படகினருக்கும் நாட்டுப்படகு மீனவருக்கும் இடையே மோதல்கள் மூண்டன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது.

மத்தியின் ஏற்ற இறக்கம் தொடர்கிறது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் பிடிபட்ட இம்மீன், 2021இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கியது. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்க அம்மாநிலம் தடை விதித்துள்ளது.

இறுதிக்காலமும் எழுத்துக்களும்

நிக்கல்சன் இறுதிக்காலத்தைக் குன்னூரில் கழித்து 1936இல் காலமானார். மாவட்டக் கையேடும் வேளாண் வங்கி அறிக்கையும் தவிர, ஜப்பானிய வேளாண்மை பற்றிய குறிப்பும் எழுதியுள்ளார். மீன்வளத் துறை உருவான வரலாற்றைக் காட்டும் இவருடைய ஆவணங்கள் 1915இல் அத்துறையின் முதல் வெளியீட்டு இதழாகத் தொகுக்கப்பட்டன.