துன்பக்கேணி தந்தவர்

புதுமைப்பித்தன் எழுதியவற்றுள் நான் முதலில் வாசித்த கதை துன்பக்கேணி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அல்லற்பட்ட எளிய மக்களின் கதை அது. மாத்தளை மாவட்டத்தில் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை எழுதியவரைப் பற்றி அறிய ஆவல் எழுந்தது.

அவரது இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25 ஆம் திகதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். திருநெல்வேலியில் கற்றுப் பட்டம் பெற்றார். கமலா அம்மாளை மணந்தார். சென்னைக்குச் சென்று மணிக்கொடியில் எழுதினார், தினமணியில் பணியாற்றினார். நோயுற்ற மனைவியைத் தனியே பராமரிக்கும் ஏழைக் கணவனைச் செல்லம்மாள் கதையில் படைத்தார். எழுத்து வயிற்றை நிறைக்கவில்லை. திரைப்படத் துறையை நாடினார். ராஜமுக்தி படத்துக்காகப் புனே சென்றிருந்தபோது காசநோய் அவரை வீழ்த்தியது. 1948 ஜூன் 30 ஆம் திகதி திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது வயது 42. மகள் தினகரி சிறு குழந்தை.

என் மனத்தை உறுத்துவது அந்த ஆண்டுதான். காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது அரிதாகவே கிடைத்தது; விலையும் அதிகம். நுரையீரலுக்கு மட்டுமன்றி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் காசநோய்க்கும் அது பயன்படும் என்று பிரித்தானிய ஆய்வுகள் வெளிவந்ததும் 1948 இல்தான். அதற்கு முன்னர் மூளைச்சவ்வுக் காசநோய் ஏறக்குறைய மரணத் தீர்ப்பாகவே இருந்தது.

யட்டவத்தையில் என் சாச்சியின் மகனுக்கு அந்த நோய் வந்தது. இரண்டு வாரமாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. விளையாட்டில் நாட்டமில்லை. கண்ணூறு என்றார்கள் அயலவர்கள். சாச்சப்பா காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். முதுகுத்தண்டு நீரைப் பரிசோதித்து உடனே மருந்து தொடங்கினார்கள். பன்னிரண்டு மாதம், ஒருநாளும் தவறாமல் சாச்சி மாத்திரை கொடுத்தார். இன்று அவன் பாடசாலை போகிறான்.

இந்நோயில் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது, மருந்து தொடங்கும் நாள். நினைவு மங்குமுன் தொடங்கினால் பிழைக்கவும் முழுமையாகத் தேறவும் வாய்ப்பு அதிகம். மயக்கநிலைக்குப் போனபின் தொடங்கினால், உயிர் தப்பினாலும் பார்வை, செவி, நடை பாதிக்கப்படலாம். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி அவர்களை இக்கடுமையான வகையிலிருந்து பெருமளவு காக்கிறது.

புதுமைப்பித்தனுக்குக் கிட்டாத மருந்து இன்று நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எனவே பெற்றோரே, சகோதரிகளே, வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலையும் தலைவலியையும் மறைக்காதீர்கள். காசநோய் வெட்கப்பட வேண்டியதல்ல. விரைந்து குணப்படுத்த வேண்டியது.