முத்திரையில் ஏறிய இராபேல்

நத்தார்க் காலத்திற் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேரும் மடல்களின் மூலையில், குழந்தையை ஏந்திய தாயொருத்தியின் சிறு படத்தைக் கண்டோர் நம்மிற் பலர். முத்திரை சேர்க்கும் மாணவர் அதனை நீரில் ஊறவைத்துக் கழற்றி ஏட்டில் ஒட்டுவர். எழுதியவர் யாரென வினவுவோர் சிலரே. அவ்வாறு முத்திரையில் ஏறிய ஓவியருள் ஒருவர் இராபேல்.

இத்தாலியின் ஊர்பினோ நகரில் 1483ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் ஜொவான்னி சான்தி ஓவியர்; கவி புனையவும் வல்லவர். எட்டு வயதில் தாயையும், பதினொரு வயதில் தந்தையையும் இராபேல் இழந்தார். பின்னாளில் அவர் கை ஓயாது எழுதியது தாயையும் சேயையுமே என்பதை இவ்விழப்போடு இணைத்து நோக்குவாரும் உளர். மரியன்னையின் திருவுருவை அக்காலச் செல்வர் தம் இல்லந்தோறும் வேண்டிநின்றனர் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

1504ஆம் ஆண்டளவிற் புளோரன்ஸ் நகரை அடைந்தார். ஆங்கு லியொனார்டோவும் மிக்கலாஞ்சலோவும் புகழோங்கி நின்ற காலம் அது. இளைஞராகிய இராபேல் அவர்களோடு மலையாது, அவர்கள் ஓவியங்களை ஊன்றிக் கற்றார். ஏறத்தாழ 1505இல் எழுதிய சிறிய கௌப்பர் மரியன்னை ஓவியம் அக்கல்வியின் கனி. இரண்டடி உயரமும் இல்லாத பலகை அது. அன்னையின் கழுத்தைக் குழவியின் கை தழுவியிருக்கின்றது. பின்னணியில் தொலைவிலே ஒரு கோயில் தோன்றுகின்றது.

இத்தகைய ஓவியத்துக்கு முதன்மை தர நம் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி உடன்படார். இடைக்காலச் சமயக் கலையே மேலானது, தெய்வத்தை மானிட உடலழகாகத் தீட்டத் தலைப்பட்ட மறுமலர்ச்சிக் காலத்தில் அது தளர்ந்தது என்பது அவர் கொள்கை. (அவர் திருவுருவமும் 1971இல் இலங்கை முத்திரையில் இடம்பெற்றது.) பேரறிஞர் கூற்றை எளிதில் மறுத்தல் இயலாது. எனினும், முருகனைத் தொட்டிலிலிட்டுப் பிள்ளைத்தமிழ் பாடிய நமக்கு, மானிடக் குழவியின் வடிவிலே தெய்வத்தைக் காண்டல் தளர்ச்சியாகத் தோன்றுமோ? எனக்குத் தோன்றவில்லை.

1508இல் பாப்பரசர் இரண்டாம் ஜூலியசின் பணியேற்று உரோமாபுரி சென்றார். வத்திக்கான் அரண்மனைச் சுவர்களில் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் எழுதினார். 1514இல் புனித பேதுரு பேராலயத்தின் கட்டடக் கலைஞருமானார். 1520ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் திகதி, முப்பத்தேழு வயதிற் காலமானார். அவருடல் பந்தியோன் என்னும் பழங்கோயிலில் அடக்கஞ் செய்யப்பெற்றது.

அமெரிக்கத் தபாற்றுறை 1962இல் முதல் நத்தார் முத்திரையை வெளியிட்டது; அதில் மாலையும் மெழுகுதிரியுமே இருந்தன. 1966இலேயே பழைய ஓவியரின் மரியன்னை அதில் இடம்பெற்றாள். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலுள்ள சிறிய கௌப்பர் ஓவியம் 1973இல் எட்டுச் சத முத்திரையாயிற்று. இராபேல் பிறந்து ஐந்நூறாண்டு நிறைந்த 1983இல், அதே கலைக்கூடத்து மற்றொரு மரியன்னை இருபது சத முத்திரையில் ஏறினாள். செல்வர் ஒருவரின் இல்லத்துக்கென எழுதிய படம், ஏழையின் மடலிலும் அவ்வாறு ஒட்டப்பெற்றது.